கொமாட்டியில் மூடப்பட்டதும் சம்பூரில் கட்டப்படாததும்

சில வருடங்களுக்கு முன்னர் கொழும்பில் நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றுக்கு எனக்கு அழைப்பு வந்திருந்தது. தமிழ் அழைப்பிதழில் 'நீதியான நிலைமாற்றம்' என்று அச்சிட்டிருந்தார்கள். 2015 இற்குப் பின்னர் 'நிலைமாறுகால நீதி' பற்றி எழுதி எழுதிக் கைசோர்ந்துபோன பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். ஆகவே காணாமல் ஆக்கப்பட்டோர், உண்மை ஆணைக்குழு, இழப்பீடு என்ற வழக்கமான பேச்சுத்தான் இருக்கும் என்று எண்ணிக் குறிப்புப் புத்தகத்துடன் சென்று அமர்ந்தேன். பேசியவர்கள் எல்லோரும் நிலக்கரியைப் பற்றிப் பேசினார்கள். அரைமணி நேரம் கழிந்த பின்னரே சொற்கள் இடம்மாறியிருப்பதைக் கவனித்தேன். நாடு ஒன்று நிலக்கரியிலிருந்து சூரியனுக்கும் காற்றுக்கும் மாறும்போது, அந்த மாற்றத்தின் சுமை சுரங்கத் தொழிலாளியின் தலையிலும் அவனுடைய ஊரின் தலையிலும் மாத்திரம் விழாதவாறு பார்த்துக்கொள்வதையே நீதியான நிலைமாற்றம் என்கிறார்கள்.

இரண்டு சொற்றொடர்களும் வேறு வேறானவை. ஆனால் இரண்டுக்கும் பாடநூல் உதாரணமாக ஒரே நாடுதான் காட்டப்படுகிறது. உண்மை ஆணைக்குழு என்றாலும் தென்னாபிரிக்கா. நிலக்கரியிலிருந்து விடுபடுதல் என்றாலும் தென்னாபிரிக்கா. அன்று கருத்தரங்கில் கேட்டவற்றைவிட அதன் பின்னர் நானாகத் தேடிப் படித்தவையே அதிகம். படிக்கும்போதெல்லாம் தென்னாபிரிக்காவின் கொமாட்டி என்ற சிற்றூரும், திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரும் மாறி மாறி மனதில் வந்துகொண்டிருந்தன. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்தச் சொற்றொடரின் பிறப்பைப் பார்ப்போம்.

இதனை உருவாக்கியவர்கள் சூழலியலாளர்களோ பொருளாதார நிபுணர்களோ அல்லர். அமெரிக்காவின் எண்ணெய், இரசாயன, அணுசக்தித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான ரொனி மசொக்கியின் சிந்தனையில் முளைத்தது இது. 1974 இல் மர்மமான விபத்தில் உயிரிழந்த அணுஆலைத் தொழிலாளி கரன் சில்க்வூட்டைப் பற்றிய திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அவருடன் தொடர்பில் இருந்த தொழிற்சங்கத் தலைவர் இவரே. தமது உறுப்பினர்கள் உற்பத்தி செய்யும் பொருட்கள் அவர்களையே நோயாளிகளாக்குகின்றன என்பதை மசொக்கி நன்கு அறிவார். அந்த ஆலைகளை மூடினால் அவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்பதையும் அறிவார். சங்கத் தலைவர்கள் பலர் இந்த இக்கட்டில் ஆலைகளைக் காப்பாற்றும் பக்கத்திலேயே நின்றார்கள். மசொக்கி வேறொரு வழியைத் தேடினார். இரண்டாம் உலகப் போரில் போரிட்டுத் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். போரிலிருந்து மீண்ட படையினருக்குக் கல்விச் செலவையும் வாழ்க்கைச் செலவையும் அரசாங்கம் வழங்குவதற்கு 1944 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. நச்சுக் கழிவுகள் நிறைந்த நிலங்களைத் துப்புரவு செய்வதற்கு 1980 இல் தனியான நிதியம் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. அழுக்கான மண்ணுக்கு நிதியம் இருக்குமானால் மனிதனுக்கு ஏன் இருக்கக் கூடாது என்பதே அவருடைய வாதம். வேலை இழக்கும் தொழிலாளிக்கு முழுச் சம்பளமும், விரும்பினால் உயர்கல்வியும் வழங்க வேண்டும் என்றார். 1990 களின் நடுப்பகுதியில் இந்தக் கோரிக்கைக்கே 'நீதியான நிலைமாற்றம்' என்ற பெயர் நிலைத்தது.

ஆரம்பத்தில் இது சம்பளப் பட்டியலில் இருப்பவர்களின் கோரிக்கையாக, அதுவும் செல்வந்த நாடு ஒன்றின் கருவூலத்திடம் முன்வைக்கப்பட்ட கோரிக்கையாக இருந்தது என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நேர்ந்த கோளாறுகளில் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

செல்வந்த நாடுகளிலும் இது ஒரே மாதிரியாக நடந்துவிடவில்லை. பிரிட்டனில் 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்ட பின்னர், ஊர் ஊராகச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மாற்று ஏற்பாடு என்று சொல்லக்கூடியதாகப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. ஜேர்மனி வேறு விதமாக நடந்துகொண்டது. ரூர் பிராந்தியத்தின் சுரங்கங்களைப் பல தசாப்தங்கள் எடுத்து, மானியம் வழங்கி, மெல்ல மெல்ல மூடினார்கள். கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசெம்பரில் மூடப்பட்டது. 2020 இல் இயற்றிய சட்டத்தின்படி 2038 அளவில் நிலக்கரி மின்சாரத்தை முற்றாகக் கைவிடுவதற்கும், பாதிக்கப்படும் பிராந்தியங்களுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்குவதற்கும் முடிவுசெய்யப்பட்டது. வயது முதிர்ந்த தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்கும்வரை உதவித்தொகையும் உண்டு. இந்த 40 பில்லியன் என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். சற்று நேரத்தில் வேறோர் எண்ணுடன் ஒப்பிட வேண்டியிருக்கும்.

2015 இல் சர்வதேச தொழில் அமைப்பு இதற்கான வழிகாட்டல்களை வெளியிட்டது. அதே ஆண்டில் பாரிஸ் உடன்படிக்கையின் முகவுரையிலும் சொற்றொடர் இடம்பிடித்தது. முகவுரைக்குள் போய்விட்டால் ஒரு சொல்லுக்கு மரியாதை கிடைக்கும், பணம் கிடைப்பதில்லை. 2018 இல் போலந்தின் நிலக்கரி நகரமான கட்டோவிற்ஸவில் மாநாடு கூடியபோது ஒரு பிரகடனமும் வெளிவந்தது. பணம் பற்றிய பேச்சு வருவதற்கு 2021 நவம்பர் கிளாஸ்கோ மாநாடுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஜேர்மனி, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை கூட்டாகத் தென்னாபிரிக்காவுக்கு 8.5 பில்லியன் டொலர் திரட்டித் தருவதாக அங்கு அறிவித்தன. வளர்முக நாடு ஒன்றுடன் செய்யப்பட்ட இவ்வகையான முதலாவது ஏற்பாடு அது. தென்னாபிரிக்கா பரிசோதனைக் களமாகியது.

ஏன் தென்னாபிரிக்கா என்பதை விளங்கிக்கொள்ள அந்த நாட்டு நிலக்கரியின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். அங்கு மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டது நிலக்கரியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 1923 இல் ஆரம்பிக்கப்பட்ட எஸ்கொம் என்ற அரச மின் நிறுவனம் தங்கச் சுரங்கங்களுக்கும் வெள்ளையர்களின் நகரங்களுக்கும் மலிவான மின்சாரத்தை வழங்கியது. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்த 1994 இல் நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கே மின்சாரம் இருந்தது. புகை வந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் வேறு. வெளிச்சம் கிடைத்தவர்கள் வேறு. அந்தப் புகையின் பெரும்பகுதி கிழக்கேயுள்ள ம்புமலங்கா மாகாணத்துக்குரியது. அந்தப் பெயரின் பொருள் சூரியன் உதிக்கும் இடம் என்கிறார்கள்.

இவ்விடத்தில் ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தென்னாபிரிக்க நிலக்கரிக்கும் தமிழர்களுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 1913 ஒக்டோபரில் நேட்டாலின் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைசெய்த இந்திய ஒப்பந்தக் கூலிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மீது விதிக்கப்பட்டிருந்த வருடாந்த மூன்று பவுண் வரியை எதிர்த்தே அந்தப் போராட்டம். சுரங்கங்களுக்குச் சென்று அவர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் ட்ரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அடுத்த மாதம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காந்தியின் தலைமையில் எல்லையைக் கடந்து ட்ரான்ஸ்வாலுக்குள் நடந்தார்கள். வொல்க்ஸ்ரஸ்ட், ஸ்டாண்டர்ட்டன், பல்ஃபர் என்ற ஊர்களின் வழியே சென்ற அந்தப் பாதை இன்றைய ம்புமலங்காவுக்குள் கிடக்கிறது. மஜுபா, டுட்டுகா, குரூட்வ்லே என்ற மூன்று நிலக்கரி மின் நிலையங்கள் பிற்காலத்தில் அந்த ஊர்களின் சுற்றுவட்டாரத்திலேயே எழுந்தன. பல்ஃபரில் தொழிலாளர்களைக் கைதுசெய்து ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டுச் சுரங்க வளாகங்களையே சிறைகளாக மாற்றினார்கள். தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிவோம். நிலக்கரி வெட்டிய அந்தக் கூலிகளின் பெயர்களை யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை.

மற்றொரு விசித்திரத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். கிளாஸ்கோ ஏற்பாட்டில் தென்னாபிரிக்காவின் பக்கம் நின்ற ஜனாதிபதி சிறில் ரமபோசா, 1982 இல் தொடங்கப்பட்ட தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முதலாவது பொதுச் செயலாளர். 1987 இன் மாபெரும் சுரங்க வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர். சுரங்கத் தொழிலாளியின் வாழ்வை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நீதியை எழுத்தில் வரையறுப்பதிலும் அந்த நாடு குறைவைக்கவில்லை. 2022 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அவர்களுடைய சட்டகம் சுமையையும் பலனையும் பங்கிடுவதில் நீதி, பழைய அநீதிகளைச் சீர்செய்வதில் நீதி, முடிவெடுக்கும் முறையில் நீதி என்று மூன்று வகையாகப் பிரித்துப் பேசுகிறது. நான் பார்த்தவரையில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட அரச ஆவணங்கள் குறைவு.

இனிக் கொமாட்டிக்கு வருவோம். மிடில்பர்க், பெத்தல் என்ற இரு நகரங்களுக்கும் இடையே அமைந்த அனல்மின் நிலையம் அது. 1961 இல் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கியது. ஒன்பது இயந்திரங்கள், மொத்தம் சுமார் ஆயிரம் மெகாவோட். நிலையத்தைச் சுற்றி ஒரு குடியிருப்பு வளர்ந்தது. 1990 இல் நாட்டில் மின்சாரம் மிகையாக இருந்தபடியால் நிலையத்தை மூடி வைத்தார்கள். 1998 இல் வெளிவந்த அரசாங்கத்தின் கொள்கை அறிக்கையே 2007 அளவில் மிகை மின்சாரம் தீர்ந்துவிடும் என்று எச்சரித்திருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சொல்லி வைத்தாற்போல அதே காலத்தில் மின்வெட்டு தொடங்கியது. பழைய கொமாட்டியைத் தூசி தட்டி 2008 தொடக்கம் இயந்திரங்களை ஒவ்வொன்றாக மீண்டும் இயக்கினார்கள். ஊருக்கு மறுபடியும் வேலை வந்தது. ஆகவே 2022 ஒக்டோபர் 31 ஆம் திகதி கடைசி இயந்திரம் நிறுத்தப்பட்டபோது கொமாட்டி மக்கள் அதை முதல் தடவையாகப் பார்க்கவில்லை. ஊர் ஒரு தடவை கைவிடப்பட்டிருந்தது என்பதை அறிந்தவர்களிடமே இம்முறை வேறு விதமாக இருக்கும் என்று வாக்குறுதி கொடுக்கப்பட்டது.

வாக்குறுதி சிறியதல்ல. மூடப்பட்ட சில நாட்களில் உலக வங்கி 497 மில்லியன் டொலர் நிதியை அங்கீகரித்தது. நிலையத்தைக் கழற்றி அகற்றுவது, அதே நிலத்தில் 150 மெகாவோட் சூரிய மின்சாரம், 70 மெகாவோட் காற்று மின்சாரம், 150 மெகாவோட் மின்கலச் சேமிப்பு, தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி, ஊர் மக்களுக்குப் புதிய தொழில்கள் என்பன திட்டத்தில் அடங்கின. நிலத்தைத் தேர்ந்ததில் நியாயம் இருக்கிறது. அந்த நாட்டில் வெயில் மிகச் சிறப்பாக அடிப்பது தொலைவிலுள்ள வட கேப் மாகாணத்திலே. ஆனால் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் பெரிய கம்பித் தொடர்கள் நிலக்கரி நிலையங்கள் உள்ள ம்புமலங்காவிலேயே இருக்கின்றன. புதிய கம்பிகள் இழுக்கப் பல வருடங்கள் செல்லும். பழைய நிலையத்தின் கம்பியில் புதிய மின்சாரத்தை அனுப்புவது செலவு குறைந்த வழி. அத்துடன் வேலையும் அதே ஊரில் நிற்கும். காகிதத்தில் இதைக் குறைகூற எனக்கு எதுவும் தென்படவில்லை.

நடந்தது என்னவென்றால், மூடும் திகதி உரிய நாளில் வந்துவிட்டது, மற்றவை வரவில்லை. பயிற்சி நிலையம் அமைத்தார்கள், கொள்கலன்களுக்குள் சிறு சூரிய மின்தொகுதிகளைப் பொருத்தும் பட்டறை தொடங்கினார்கள், மண்ணில்லாமல் காய்கறி வளர்க்கும் பரிசோதனையும் நடந்தது. பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்கு இவை போதுமானவை. ஓர் ஊருக்குச் சோறு போடப் போதுமானவை அல்ல. மூடப்பட்டு இரண்டு ஆண்டுகள் கடந்தும் பெரிய சூரிய மின் நிலையம் கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை.

வேலை இழந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு எஸ்கொமின் பதில் தெளிவானது. நிரந்தர ஊழியர் எவரும் வேலை இழக்கவில்லை, அவர்கள் மற்ற நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள் என்றார்கள். அது உண்மையே. ஆனால் சாம்பல் அள்ளியவர், துப்புரவு செய்தவர், காவல் காத்தவர், பழுது பார்த்தவர் போன்றோர் நிரந்தர ஊழியர்கள் அல்லர். ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். நிலையம் நின்றதும் அந்த ஒப்பந்தங்களும் முடிந்தன. அவர்களை நம்பி வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டவர்களும், வாசலில் சாப்பாடு விற்ற பெண்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாற்றலாகிச் சென்ற நிரந்தர ஊழியர்கள் தங்கள் சம்பளத்தையும் தம்முடன் கொண்டுசென்றார்கள் என்பதால் கடைத்தெருவுக்கு இரட்டை அடி விழுந்தது. 1913 இல் ஒப்பந்தக் கூலி, 2022 இல் ஒப்பந்தத் தொழிலாளி. சட்டத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. கணக்கில் சேர்க்கப்படாததில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை.

ஜனாதிபதியின் காலநிலை ஆணைக்குழு கொமாட்டி அனுபவத்தை ஆராய்ந்து, மக்களுடனும் தொழிலாளர்களுடனும் கலந்தாலோசித்தது காலந்தாழ்த்தி நடந்தது என்பதை மறைக்காமல் எழுதியது. சட்டகத்தின் மூன்றாவது வகை நீதி, முடிவெடுக்கும் முறையில் நீதி, இங்கேதான் தவறியது. 2023 இல் மின்சார அமைச்சராகப் பொறுப்பேற்ற ரமகோப்பா கொமாட்டிக்குச் சென்று பார்த்துவிட்டு, அதை மூடியதே தவறு என்று பகிரங்கமாகச் சாடினார். இதில் அரசியலும் இல்லாமலில்லை. மூடப்பட்ட நேரத்தில் அங்கு ஒரேயொரு இயந்திரம் மாத்திரமே ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓடவிட்டிருந்தாலும் நாட்டின் மின்வெட்டு தீர்ந்திருக்காது. ஆனால் 2022 இல் இருநூறுக்கும் மேற்பட்ட நாட்கள் மின்வெட்டை அனுபவித்த மக்களிடம் போய், மின் நிலையம் ஒன்றை வேண்டுமென்றே மூடியிருக்கிறோம் என்று சொன்னால் யார் பொறுமையாகக் கேட்பார்கள்?

பணத்தின் கதைக்கு வருகிறேன். 8.5 பில்லியன் டொலர் என்ற தொகை பத்திரிகைத் தலைப்புக்கு அழகானது. விபரங்கள் வெளியானபோது அதில் நன்கொடை ஏறத்தாழ நான்கு சதவீதம் மாத்திரமே என்று தெரிந்தது. மிகுதி சலுகைக் கடன், வர்த்தகக் கடன், உத்தரவாதம். கொமாட்டிக்கான 497 மில்லியனிலும் நன்கொடை 10 மில்லியன்தான். 2022 நவம்பரில் தென்னாபிரிக்கா வெளியிட்ட முதலீட்டுத் திட்டமோ ஐந்து வருடங்களுக்கு 98 பில்லியன் டொலர் அளவில் தேவை என்று கணக்கிட்டது. இப்போது ஜேர்மனியின் 40 பில்லியன் யூரோவை நினைத்துப் பாருங்கள். அது சொந்த நாட்டின் சில பிராந்தியங்களுக்கு, பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியிராத அரச பணம். இது ஒரு முழு நாட்டுக்கு, வட்டியுடன் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். ஜேர்மனியினதும் பிரான்ஸினதும் அபிவிருத்தி வங்கிகள் வழங்கிய முதற் கடன்களான தலா 300 மில்லியன் யூரோவும் நேரே திறைசேரிக்குச் சென்றன. திறைசேரிக்குச் செல்லும் பணத்தில் கொமாட்டியின் சாப்பாட்டுக் கடைக்காரிக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது.

இன்னொரு விடயமும் உண்டு. இதே உலக வங்கி 2010 இல் எஸ்கொமுக்கு 3.75 பில்லியன் டொலர் கடன் கொடுத்தது. அதன் பெரும்பகுதி மெடுப்பி என்ற புதிய நிலக்கரி மின் நிலையத்தைக் கட்டுவதற்கானது. கட்டுவதற்கு ஒரு கடன், பன்னிரண்டு வருடங்கள் கழித்து இன்னொன்றை மூடுவதற்கு ஒரு கடன். வங்கியின் கொள்கை மாறியதில் தவறில்லை, காலத்துக்கேற்ப மாறத்தான் வேண்டும். இரண்டு கடன்களும் இறுதியில் அந்த நாட்டு மக்களின் கணக்கிலேயே ஏறின என்பதைத்தான் சொல்கிறேன்.

கொமாட்டியின் இயந்திரம் நிறுத்தப்பட்ட அதே 2022 இல் உக்ரைன் போரால் ரஷ்ய எரிபொருள் தடைப்பட்டது. ஜேர்மனி ஒதுக்கி வைத்திருந்த நிலக்கரி நிலையங்களை மீண்டும் இயக்கியது. தென்னாபிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற நிலக்கரி முந்திய வருடத்தைவிடப் பல மடங்காகப் பெருகியது. நிலக்கரியைக் கைவிடுங்கள் என்று கடன் கொடுத்தவர்கள் அதே நாட்டின் நிலக்கரியைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். குளிர்காலத்தில் தம் மக்களைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. அதே நியாயத்தை ம்புமலங்காவின் அரசியல்வாதிகள் பின்னர் பயன்படுத்தியபோது கேட்டவர்கள் முகம் சுளித்ததுதான் வேடிக்கை.

அவர்கள் அதைப் பயன்படுத்தவே செய்தார்கள். அடுத்து மூடப்பட இருந்த கம்டன், ஹென்ட்ரினா, குரூட்வ்லே ஆகிய மூன்று பழைய நிலையங்களையும் 2030 வரை இயக்குவதென எஸ்கொம் பின்னர் முடிவெடுத்தது. மின்வெட்டு ஒரு காரணம். 'இன்னொரு கொமாட்டி வேண்டாம்' என்ற ஊர்க்குரல் மற்றொரு காரணம். நீதியைப் பற்றிய பேச்செல்லாம் காலநிலைப் பணியைத் தாமதப்படுத்தும் ஆடம்பரம் என்று எண்ணுகின்ற சூழலியலாளர்கள் சிலரை நான் சந்தித்திருக்கிறேன். கொமாட்டியில் நடந்தது நேர்மாறானது. ஓர் ஊரின் சாப்பாட்டை முதலில் பார்க்கத் தவறியதால் மூன்று நிலையங்களின் புகை வருடக் கணக்கில் நீண்டுவிட்டது. 2025 மார்ச்சில் அமெரிக்காவும் ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொண்டது. அந்த நாடு வாக்களித்திருந்த ஒரு பில்லியன் டொலருக்குச் சற்று அதிகமான தொகையில் பெரும்பகுதி வர்த்தக முதலீடு என்பதால் உடனடி இழப்புப் பெரிதல்ல என்றார்கள். ஒரு தேர்தல் முடிவுடன் கைவிடப்படக்கூடிய வாக்கை நம்பி இருபது வருடத் திட்டம் தீட்டுவது எப்படி என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

தென்னாபிரிக்காவைத் தொடர்ந்து 2022 இல் இந்தோனேசியா 20 பில்லியன், வியட்நாம் 15.5 பில்லியன், 2023 இல் செனகல் 2.5 பில்லியன் யூரோ என்று இதே வகையான ஏற்பாடுகள் அறிவிக்கப்பட்டன. அவற்றிலும் கடனே மிகுதி. வியட்நாமில் நிலக்கரிக்கு எதிராகக் குரல் எழுப்பிச் சர்வதேச விருது பெற்ற சூழலியலாளர் ஒருவர், ஏற்பாடு கைச்சாத்தான அதே ஆண்டில் வரிக் குற்றச்சாட்டின் பேரில் சிறையில் இருந்தார். அதற்குமேல் எழுத இங்கு இடமில்லை.

சம்பூரைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியேறிய சம்பூர்ப் பிரதேச மக்கள் செப்டெம்பரில் இராணுவம் அப்பகுதியைக் கைப்பற்றிய பின்னரும் திரும்ப முடியவில்லை. 2007 இல் அது உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்கிடையில், 2006 டிசெம்பரிலேயே, அங்கு 500 மெகாவோட் நிலக்கரி மின் நிலையம் அமைப்பதற்கு இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இணக்கம் கண்டிருந்தன. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் கிடந்தார்கள்.

2008 இல் கிளிவெட்டி முகாமில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் குந்தியிருந்தார். வயற்காரர்.

"தம்பி, என்ட வயலுக்குள்ள நிலக்கரி கிடக்காமே, கிண்டப் போறாங்களாமே?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. இங்கே நிலக்கரி இல்லை. கப்பலில் கொண்டுவந்து எரிக்கப் போகிறார்கள்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப கப்பல்ல வாற சாமானுக்கு என்ட வயல் என்னத்துக்கு?"

ஆழமான துறைமுகத்துக்கு அருகே நிலம் வேண்டும், குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும் என்று விளக்கத் தொடங்கிய நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்டது அதுவல்ல.

2015 இல் புதிய ஜனாதிபதியின் ஆட்சியில், முதலீட்டு வலயத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. மக்களில் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டத்தை முன்னெடுக்கப் போவதில்லை என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. சூழலியலாளர்கள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு கிலோ நிலக்கரிகூட எரிக்கப்படாத திட்டம் ஒன்றுக்காகப் பத்து வருடங்கள் வயலை இழந்தவர்களுக்கு எந்தத் திட்டத்தின் கீழ் இழப்பீடு என்று அந்தக் கட்டுரையில் நான் கேட்கவில்லை. இன்று அதைப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. நிலக்கரிக்கென எடுத்த நிலம் அப்படியே இருந்தது. அதே இரு நிறுவனங்களும் 2022 இல் சம்பூரில் சூரிய மின் நிலையம் அமைக்க உடன்பட்டன. 120 மெகாவோட் திட்டத்தின் நிர்மாணப் பணியை 2025 ஏப்ரலில் இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பிலிருந்தவாறே தொடக்கிவைத்தார்கள்.

சம்பூரில் மூடுவதற்கு நிலையம் இருக்கவில்லை. வேலை இழப்பதற்குத் தொழிலாளியும் இருக்கவில்லை. ஆகவே மசொக்கி உருவாக்கிய சொற்றொடரை வைத்துப் பார்த்தால் அங்கு நிலைமாற்றமே நடைபெறவில்லை. 2025 ஓகஸ்டில் மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தபோதும், இவர்கள் அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று கொழும்பில் சிலர் சலித்துக்கொண்டார்கள். காற்றாலையால் எந்த மின் நிலையமும் மூடப்படவில்லையே, யாருக்கு என்ன நட்டம் என்று என்னிடமே ஒரு நண்பர் கேட்டார். கரைவலை இழுப்பவரையும் வெள்ளம் வடியும் வாய்க்காலையும் அவருடைய கணக்கில் எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கிளிவெட்டிப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய வயல் விடுவிக்கப்பட்ட 818 ஏக்கருக்குள் வரவில்லை. சூரிய மின் நிலையத் தொடக்க விழாச் செய்தி வந்த வாரம் அவருடைய மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். செய்தியைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பதே என் நோக்கம். நான் கேட்பதற்கு முன்னரே அவர் கேட்டார்.

"அண்ணன், அங்க காவலுக்கு ஆள் எடுக்கிறாங்களாம் எண்டு கேள்விப்பட்டன். உங்களுக்கு யாரையும் தெரியுமா?"

எனக்கு யாரையும் தெரியாது என்றேன்.